பதினோராம் நம்பரின் தூக்கம்

என் அத்தானைப் பற்றி நல்ல வார்த்தை கேட்க ஆசையாக இருந்தால் எங்கள் தீயணைப்பு நிலையத்துக்கு வாருங்கள். கேட்டைத் திறந்துவிடுகிறவரிலிருந்து நிலைய அதிகாரி வரைக்கும் யாரைக் கேட்டாலும், "மாத்தாள் அண்ணனா? தங்கமான மனுஷனாச்சே!" என்பார்கள். என்னிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர் கட்டிக்கொண்டது என் அக்காவை. அதே நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுப்பது என் வேலை. வீட்டுப் பக்கம், வேலைப் பக்கம் என்று அந்த மனுஷனை இரண்டு பக்கமும் பார்க்கிற பாக்கியம் எனக்கு ஒருத்திக்குத்தான் வாய்த்திருக்கிறது. பெரிய பாக்கியம்!

மாத்தாள் என்பது நிலையத்தில் அவருக்கு வைத்த பட்டப்பெயர். எங்கள் தீயணைப்பு வீரர்களுக்கு ஒரு நாள் முழுக்க டியூட்டி. காலையில் ஏறினால் மறுநாள் காலையில்தான் இறங்க வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு நாள் ஓய்வு. டியூட்டி நாளில் ஒருவருக்குக் காய்ச்சல், கல்யாணம், கைகால் வலி என்று ஏதாவது வந்துவிட்டால், ஓய்வில் இருக்கும் இன்னொருவர் அவருக்குப் பதிலாக வந்து நிற்கலாம். அப்படி நிற்க எந்த நேரமும் தயாராக இருந்த ஆள் என் அத்தான்தான். கேட்கிறவன் வாயைத் திறப்பதற்குள் "சரி போ, நான் பாத்துக்கிறேன்" என்பார். "பதிலுக்கு உங்களுக்காக நான் என்னிக்கு வரணும்ணே?" என்று யாராவது கேட்டால், "அதெல்லாம் வேணாம்ப்பா. நீ குடும்பத்தைப் பாரு" என்று தோளில் தட்டிக்கொடுப்பார்.

குடும்பத்தைப் பாராம்! இதைச் சொல்லும்போது அந்த நாக்கு ஒரு தடவையாவது குழறியிருக்க வேண்டாமா?

அக்கா வீட்டில் பாப்பா இருக்கிறாள். பாப்பா என்றால் தொட்டில் குழந்தை என்று நினைக்காதீர்கள். அவள் வயதுப் பெண்கள் கல்லூரிக்குப் போகிறார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது வந்த மூளைக்காய்ச்சல் அவளைப் படுக்கையில் போட்டது, போட்டதுதான். நடக்கமாட்டாள், பேசமாட்டாள், தானாகப் புரண்டு படுக்கவும் முடியாது. ஒரே பக்கமாகக் கிடந்தால் தோல் புண்ணாகிவிடும். மல்லாந்து கிடந்தால் எச்சில் தொண்டையில் இறங்கிப் புரையேறும். அதனால் பகல் இரவு என்று பாராமல் யாராவது எழுந்து எழுந்து அவளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அந்த 'யாராவது' என் அக்காதான்.

பாப்பாவுக்கு நன்றாகச் சிரிக்க வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டு போட்டால் சிரிப்பாள். யாராவது தும்மினால் விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போகும்போது அவளுக்காகவே வேண்டுமென்று நாலு தும்மல் தும்மிவிட்டு வருவேன்.

அத்தான் பிறவியிலேயே இப்படி ஓடுகாலியாக இருந்தவர் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் ஓட்டாத வண்டி கிடையாது. தண்ணீர் நிறைந்த வண்டியைக் குறுகலான சந்தில் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு வருவார். சுவரில் ஒரு கீறல் விழாது. பாப்பா பிறந்தபோது நிலையத்துக்கே மிட்டாய் கொடுத்தார். காய்ச்சல் வந்த பிறகும் கொஞ்ச காலம் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையத்தான் செய்தார். கடைசியில் ஒரு பெரிய டாக்டர், "இனிமே இவ்வளவுதான், வீட்ல வெச்சுப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே அத்தான் முதல் மாத்து டியூட்டிக்குப் போனார். பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

பயந்துவிட்டார். இதை வேறு எப்படிச் சொல்வது? நெருப்புக்குப் பயப்படாத மனுஷன் அந்தப் படுக்கை அறையைக் கண்டு பயந்தார். வீட்டில் இருக்கிற கொஞ்ச நேரத்திலும் அறை வாசலில் நின்று, "பாப்பா நல்லாருக்காளா?" என்று அக்காவைக் கேட்பார், ஏதோ வெளியூரில் இருக்கிற சொந்தக்காரியை விசாரிக்கிற மாதிரி. கொஞ்சம் தூக்குங்களேன் என்றால், "பொம்பளப் பிள்ளை, வளந்துட்டா, நான் எப்படித் தூக்குறது" என்று ஒரு காரணம் தயாராக வைத்திருப்பார். புகை மண்டிய மாடியிலிருந்து முன்பின் தெரியாத பெண்களைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியவர் அவர். அதற்காக மேடையில் கூப்பிட்டு மெடல் குத்தினார்கள். அந்த மெடலை அக்கா பாப்பாவின் மருந்து அலமாரியில் வைத்திருக்கிறாள், வேறு இடமில்லாததால்.

இப்படி இருக்கும்போதுதான் ஷிப்டை மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது.

வேறொரு நிலையத்தில் ஒரு டிரைவர், நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு விடியற்காலையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும்போது கண்ணயர்ந்து ஒரு மதில்சுவரில் மோதிவிட்டார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது ஒரு பெரிய மனிதர் வீட்டு மதில். உடனே மேலே இருப்பவர்களுக்குத் தூக்கத்தைப் பற்றி ஞானோதயம் வந்துவிட்டது. முழுநாள் டியூட்டியை எடுத்துவிட்டு எட்டு மணி நேர ஷிப்ட் கொண்டுவரலாமா என்று ஆராய ஒரு கமிட்டி போட்டார்கள். தலைமை அதிகாரி ஒருவர், தூக்கத்தைப் பற்றிப் படித்த டாக்டரம்மா ஒருவர், எங்கள் சங்கத் தலைவர் என்று மூன்று பேர். எங்கள் நிலையத்தில்தான் ஆராய்ச்சி என்றும் முடிவானது.

செய்தி வந்த அன்று நிலையத்தில் எழவு விழுந்த மாதிரி இருந்தது. "தினமும் வீட்டுக்குப் போகணுமா?" என்று ஒருவர் நெஞ்சில் கைவைத்துக் கேட்டார். ஜெயிலுக்குப் போகச் சொன்னால்கூட அப்படிக் கேட்டிருக்கமாட்டார். "தினம் போனா மதிப்பு போயிடும்ப்பா. வெங்காயம் உரின்னுவா, குழந்தைக்குக் கணக்கு சொல்லிக் குடுன்னுவா" என்றார் இன்னொருவர். சங்கத் தலைவர் மேசைமேல் குத்தி, "இது குடும்ப வாழ்க்கைய நேரடியா பாதிக்கிற விஷயம்" என்று முழங்கினார். அத்தனை பேரும் கைதட்டினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கட்டுப்பாட்டு அறையில் நாங்கள் எப்போதுமே எட்டு மணி நேர ஷிப்ட்தான் பார்க்கிறோம். செத்தா போய்விட்டோம்?

நியாயமாகப் பேசியவர்களும் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. பாதிப் பேருக்கு வீடு தூரம்; தினமும் போக வர பஸ்ஸிலேயே பொழுது போய்விடும். அதைவிட முக்கியமானது ஆள் மாறுகிற விஷயம். எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாற வேண்டிய ஆள் நேரில் வந்து, எதிரே நின்று, வண்டியில் இருப்பதையெல்லாம் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏத்துக்கிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் பழைய ஆள் இடத்தைவிட்டு நகரக்கூடாது. நேரம் முடிந்துவிட்டது, பசிக்கிறது, பொண்டாட்டிக்குப் பிரசவம் என்ற கதையெல்லாம் நடக்காது. நாளுக்கு ஒரு தடவை ஆள் மாறுகிற இடத்தில் மூன்று தடவை மாறினால், நெருப்புக்கு நடுவில் யார் யாருக்கு 'ஏத்துக்கிட்டேன்' சொல்வது என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ராத்திரி முழுக்க விழித்தவன் கையில் அவ்வளவு பெரிய வண்டியைக் கொடுப்பது சரியா என்று மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

அத்தானின் முகம் மட்டும் வெளிறிக் கிடந்தது. புது ஏற்பாட்டில் மாத்து டியூட்டியே கிடையாது என்று போட்டிருந்தார்கள்.

அக்காவுக்கு இந்த விஷயத்தைச் சொன்னது நான்தான். அடுப்படியில் நின்றபடியே கேட்டாள். கொஞ்ச நாளாகவே அவள் ஆளாக இல்லை. நின்றுகொண்டே தூங்கி, சூடான பாத்திரத்தில் கையை வைத்து மணிக்கட்டுக்கு மேலே சுட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் இருக்கிறேன், நீ போய்ப் படு என்று அனுப்பினாலும் தூங்கமாட்டாள். பாப்பா லேசாகச் செருமினால் போதும், எனக்கு முன்னால் வந்து நிற்பாள். என்றைக்கு இவள் விழப் போகிறாளோ என்பதுதான் எனக்கு நெஞ்சில் எந்நேரமும் இருந்த பயம்.

"எட்டு மணி நேர ஷிப்ட் வந்தா அவர் தினம் வீட்டுக்கு வந்துதானேடி ஆகணும்?" என்று கேட்டாள் அக்கா.

"வந்துதான் ஆகணும். மாத்து டியூட்டியும் கிடையாதாம்."

"ஒரே ஒரு ராத்திரி போதும்டி. நடுவுல எழுந்திரிக்காம படுத்துக் கிடக்கணும். வேற எதுவும் வேணாம் எனக்கு" என்றாள். அவளுடைய அந்த ஒரு ராத்திரி இப்போது மூன்று பேர் கமிட்டி கையில் இருக்கிறது என்பது அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

கமிட்டி ஆளுக்கு ஒரு பட்டை கொடுத்தது. கைக்கடிகாரம் மாதிரி மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. முள் இருக்காது, அடி ஓரத்தில் சின்னதாய் ஒரு பச்சை விளக்கு மட்டும் எரியும். கட்டியிருக்கிறவர் எப்போது தூங்கினார், எப்போது விழித்தார், எழுந்து நடந்தாரா என்பதெல்லாம் அதற்குத் தெரிந்துவிடும். பெயர் கிடையாது, நம்பர்தான். அத்தானுக்குப் பதினோராம் நம்பர். டியூட்டி நாளிலும் ஓய்வு நாளிலும் கழற்றாமல் கட்டியிருக்க வேண்டும், ஆராய்ச்சி முடிகிறவரை மாத்து டியூட்டி கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சங்கத் தலைவர் அன்றைக்கே எல்லோரையும் கூட்டி, "பழைய ஷிப்ட்லயே நாம நல்லா தூங்குறோம்னு அதுல தெரியணும், புரியுதா?" என்று காதைக் கடித்தார். எல்லோருக்கும் புரிந்தது. அத்தானுக்கு எல்லோரையும்விடக் கூடுதலாகப் புரிந்துவிட்டது. மறுநாளே ஒருவன் வந்து மாத்து டியூட்டி கேட்டுத் தலையைச் சொறிந்தான். அத்தானும் "சரி போ" என்றார். மாட்டேன் என்று சொல்ல இவருக்கு வாயே வராது போலிருக்கிறது. அன்றைய டியூட்டி அணியின் தலைவர் கண்டும் காணாமல் இருந்தார்.

ஆனால் ஓய்வு நாளில் பதினோராம் நம்பர் வீட்டில் தூங்கியதாகப் பதிவாக வேண்டுமே! அதற்கு எங்கள் தங்கமான மனுஷன் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அதை வேறு யாரும் யோசித்திருக்க முடியாது. பட்டையைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து அக்கா கையில் கட்டினார். அன்று ஞாயிற்றுக்கிழமை, நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"ஏங்க, இது என்ன?" என்றாள் அக்கா.

"சும்மா கட்டிக்கோ. நான் திரும்பி வந்து வாங்கிக்கிறேன். நீ வீட்ல தூங்குறவதானே, அது பதிஞ்சா போதும்."

"நான் தூங்குறேனா?"

"பின்ன? ராத்திரியில தூங்காம என்ன பண்ணப் போற?" என்றார்.

கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு நாலு வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது; அக்கா கண்ணாலேயே அடக்கினாள். அவர் போன பிறகு சுட்ட கையை விட்டுவிட்டு மற்றக் கைக்குப் பட்டையை மாற்றிக்கொண்டாள். "இந்தப் பச்சை விளக்கப் பாத்து பாப்பா சிரிக்கிறாடி" என்று அதில் ஒரு சந்தோஷம் வேறு. பாவி மகள்.

அப்படியே நடந்தது. தன் சொந்த டியூட்டி நாளில் பட்டை அத்தான் கையில். ஊரான் டியூட்டிக்கு அவர் போகிற நாளில் பட்டை அக்கா கையில். அதைக் கட்டவும் கழற்றவும் மட்டும் வீட்டுக்கு வந்து போனார்.

ஆராய்ச்சி முடிந்ததும் கமிட்டி வந்தது. தண்ணீர் பீய்ச்சும் துணிக்குழாய்களைக் காயப்போடும் கூடத்தில் நாற்காலி போட்டு, வெள்ளைச் சுவரில் படம் காட்டினார்கள். மத்தியான நேரம். கட்டுப்பாட்டு அறையின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு காது தொலைபேசியிலும் ஒரு காது கூட்டத்திலுமாக நான் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா அதிகம் பேசாத ரகம். டியூட்டி இரவுகளில் எல்லோருக்கும் தூக்கம் அரைகுறை, ஓய்வு நாளில் அதை ஈடுகட்டிக்கொள்கிறார்கள் என்று வரிசையாகக் கோடுகளைக் காட்டிக்கொண்டே வந்தார். சங்கத் தலைவர் முகமெல்லாம் பல்லாக இருந்தார். கடைசியாக ஒரு படத்தைப் போட்டுவிட்டு டாக்டரம்மா நின்றார்.

"பதினோராம் நம்பர் மட்டும் எனக்குப் புரியல. டியூட்டியில அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறார். வீட்டுக்குப் போனா தூக்கமே இல்ல. கண்ண மூடுறார், எழுந்துடுறார். நடக்குறார், குனியுறார், திரும்பப் படுக்குறார். ஒரு ராத்திரி கூட விடல."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. "வீட்ல அண்ணி விடலபோல!" என்று ஒருவன் குரல் கொடுத்தான். எல்லோருக்கும் பதினோராம் நம்பர் யாரென்று தெரியும். நம்பர் போட்ட பட்டை அவர் கையிலேயே இருந்ததே. அத்தான் அசடு வழியச் சிரித்தார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இது சிரிக்கிற விஷயமில்ல. இவ்வளவு மோசமான தூக்கத்த நான் நோயாளிங்ககிட்டகூடப் பாத்ததில்ல. இது இப்பிடியே போச்சுன்னா அந்த உடம்பு தாங்காது. இதயம் நின்னுடும், இல்ல எங்கயாவது மயங்கி விழுந்து எழுந்திரிக்க மாட்டாங்க. இவரை இன்னிக்கே டிரைவர் சீட்லேர்ந்து எடுக்கணும்."

சிரிப்பு நின்றது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஒருவன் ஓடிப்போய் அத்தானுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான். ஒருவன் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினான். "ஊருக்கெல்லாம் உழைச்சு உழைச்சு உடம்பக் கெடுத்துக்கிட்டீங்களேண்ணே" என்று ஒருவன் கண் கலங்கினான். என் அக்கா பட்ட பாட்டுக்கு இவருக்கு விசிறி! உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. எழுந்து போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டுவிடலாம் என்று நாற்காலியைத் தள்ளினேன். நல்லவேளை, அதற்குள் அவரே வாயைத் திறந்தார்.

டிரைவர் சீட் போய்விடும் என்றதும் ஆள் ஆடிப்போயிருந்தார். அந்தச் சீட்தான் அவருக்கு வீடு. சட்டென்று எழுந்து நின்றார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"ஐயோ, அது நான் இல்லீங்க டாக்டர்! எனக்கு ஒண்ணுமில்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்! அது என் பொண்டாட்டி!"

அப்பாடா என்று ஒரு பெருமூச்சு வேறு விட்டார். தப்பித்த சந்தோஷத்தில் சிரித்தபடி சுற்றிலும் பார்த்தார். யாரும் திரும்பிச் சிரிக்கவில்லை. தான் சொன்னது தன் காதிலேயே விழ அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சிரிப்பு அப்படியே வாயில் ஒட்டிக்கொண்டு நின்றது.

தலைமை அதிகாரி, "உங்க பட்டை அவங்க கையில எப்படிப் போச்சு?" என்று ஆரம்பித்தார். டாக்டரம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"அவங்க எதுக்கு எழுந்துக்கிறாங்க?"

"பாப்பாவ... எங்க பொண்ணு, படுத்த படுக்கை... அவளத் திருப்பிப் போட."

"ராத்திரியில எத்தனை தடவை?"

அத்தான் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அசையவில்லை. "என்னை ஏன் பாக்குறீங்க? உங்களத்தான் கேக்குறாங்க" என்றேன். அவருக்குத் தெரியவில்லை. தன் வீட்டில் ராத்திரி என்ன நடக்கிறது என்று அந்த மனுஷனுக்குத் தெரியவே தெரியாது.

"சரி, அவங்களுக்கு மாத்தாள் யாரு?" என்றார் டாக்டரம்மா.

அவருக்குப் பட்டப்பெயர் கதையெல்லாம் தெரியாது. சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கூடத்தில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. அத்தான் நாற்காலியைத் தடவிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்புறம் கமிட்டி தன் வேலையைப் பார்த்தது. பட்டையைக் கை மாற்றியதற்காகவும் தடையை மீறி டியூட்டி பார்த்ததற்காகவும் அத்தானை ஒரு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். கண்டும் காணாமல் இருந்த அணித் தலைவருக்கு ஒரு எச்சரிக்கை. ஷிப்ட் விஷயத்தில் என்ன முடிவு என்று கேட்கிறீர்களா? 'மேலும் ஆராயப்படும்' என்று முடிவு செய்தார்கள்! அதுவரை பழைய ஷிப்டே தொடரும், மாத்து டியூட்டிக்கு மட்டும் அடியோடு தடை. பதினோராம் நம்பரைக் கணக்கிலிருந்து நீக்கச் சொன்னார் தலைமை அதிகாரி. என் அக்கா கண் விழித்த அத்தனை ராத்திரியையும் ஒரு பொத்தானை அழுத்தி அழித்தார்கள்.

சாயங்காலம் என் ஷிப்ட் முடிந்ததும் நானும் அவருடனே அக்கா வீட்டுக்குப் போனேன். தனியாக விட்டால் டீக்கடையில் போய் உட்கார்ந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அக்கா பாப்பாவுக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் வழக்கம்போல அறை வாசலில் நின்றார்.

"டாக்டர் சொன்னாங்க... இப்பிடியே போனா நீ விழுந்துடுவியாம்."

"எந்த டாக்டர்? என்னை எந்த டாக்டர் பாத்தாங்க?" என்றாள் அக்கா.

அவர் கூடத்தில் நடந்ததைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே ஊட்டி முடித்தாள். பாப்பாவின் வாயைத் துடைத்தாள். கத்தவும் இல்லை, அழவும் இல்லை. எனக்குத்தான் அவள் இரண்டு கத்தாவது கத்தக் கூடாதா என்றிருந்தது.

"நிலையத்துல ஆள் மாறும்போது வாய்விட்டு ஒண்ணு சொல்லுவீங்களே, என்ன அது?" என்று கேட்டாள்.

"ஏத்துக்கிட்டேன்."

"யார் யாருக்கோ எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க? இந்த வாசல்ல நின்னு ஒரு தடவை சொல்லியிருக்கீங்களா?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தால் ஆயிற்றா? அக்கா எழுந்து, "உள்ள வாங்க" என்றாள். வந்தார். அவள் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தாள். அடியில் விரித்த துணியைப் பிடித்து இழுக்க வேண்டும், கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. முழங்காலை மடக்கி நடுவில் சின்னத் தலையணை. தலையைச் சாய்த்து வைக்க வேண்டும், எச்சில் வெளியே வழிந்தால் பரவாயில்லை, உள்ளே போகக் கூடாது. முதுகுக்குப் பவுடர். அவர் வண்டியில் சாமான்களைத் தொட்டுப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். தலையணையை வைத்து, எடுத்து, மறுபடி வைத்துத் தடுமாறினார். தடுமாறட்டும், எனக்கென்ன?

பவுடர் மூக்கில் ஏறி ஒரு பெரிய தும்மல் தும்மினார். பாப்பா கலகலவென்று சிரித்தாள்.

"ஏய், இவ சிரிக்கிறா!" என்று மலைத்துப் போனார்.

"உங்களப் பாத்தா யாருக்கும் சிரிப்புத்தான் வரும்" என்றேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. வேண்டுமென்று இன்னொரு தும்மல் தும்மிப் பார்த்தார். அவள் இன்னும் சிரித்தாள்.

அக்கா அவர் எதிரே வந்து நின்றாள். நகரவில்லை. அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு, "ஏத்துக்கிட்டேன்" என்றார். நான் வீட்டுக்குக் கிளம்பினேன். இதற்கெல்லாம் உருகிப் போகிற ஆள் நான் இல்லை. ஒருவர் தன் பெண்ணைத் திருப்பிப் படுக்க வைத்ததற்காக மாலை போடச் சொல்கிறீர்களா?

மறுநாளும் எனக்குக் காலை ஷிப்ட். வெயில் ஏறி மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அவசரத் தொலைபேசி அடித்தது.

"தீயணைப்பு நிலையம், சொல்லுங்க."

"நான்தான்! சீக்கிரம் வண்டியனுப்பு, ஆம்புலன்ஸ் அனுப்பு, எதையாவது அனுப்பு!" அத்தானின் குரல். எத்தனையோ நெருப்புக்குள்ளிருந்து பேசிக் கேட்டிருக்கிறேன், இப்படி அலறிக் கேட்டதில்லை. "உங்க அக்கா எழுந்திரிக்க மாட்டேங்கிறா!"

எனக்கு உயிரே போய்விட்டது. டாக்டரம்மா சொன்னதுதான் காதில் அடித்தது. விழுந்துவிட்டாளா? ஒரு ராத்திரி கிடைக்கிற நேரத்திலா? வாய் மட்டும் பழக்கத்தில் கேள்வியைக் கேட்டது.

"மூச்சு இருக்கா?"

"இருக்கு, இருக்கு."

"எப்படி வருது?"

"சத்தமா வருது. கர்ருகர்ருன்னு... அறைக்கே கேக்குது."

"கூப்பிட்டீங்களா?"

"கூப்பிட்டேன், தோளத் தட்டினேன். என் கையத் தட்டி விட்டுட்டு அந்தப் பக்கம் புரண்டு படுத்துக்கிட்டா. வாயெல்லாம் திறந்து கிடக்கு, தலையணை நனைஞ்சு கிடக்கு. நேத்து ராத்திரி படுத்தவ, இன்னும் இப்படியே... இவ இப்படிக் கிடந்து நான் பாத்ததே இல்ல! என்ன ஆச்சு இவளுக்கு?"

நான் நாற்காலியில் சாய்ந்தேன். எனக்கும் அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, அந்த மனுஷனை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலவும் வந்தது.

"அத்தான், அதுக்குப் பேரு தூக்கம்."

அந்தப் பக்கத்திலிருந்து என் அக்காவின் குறட்டை மட்டும் லேசாகக் கேட்டது.

"பாப்பா?" என்றேன்.

"இப்பத்தான் அந்தப் பக்கம் திருப்பினேன். ராத்திரியெல்லாம் திருப்பினேன்." குரல் உடைந்தது. "இவ இத்தனை வருஷம் இதத்தான்..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் அழுதார். அழட்டும் என்று விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"லைன வைக்கணும். இங்க நிஜமாவே தீப்பிடிச்சவங்க கூப்பிடுவாங்க. அப்புறம் இன்னொண்ணு, அவள மட்டும் எழுப்பினீங்கன்னு தெரிஞ்சுது, தண்ணி வண்டிய எடுத்துக்கிட்டு நானே வந்துடுவேன்!"